மூன்று வருசம் முரசுக்கு மட்டுமா? – வாசகர் கேள்வி பதில்

முரசு நோய்ச் சிகிச்சைக்கான பட்டப்பின் பயிற்சி பற்றி மட்டக்களப்பு, அம்பாறை மாவட்டங்களிலிருந்து வந்த கேள்விகளை இம்முறை ஒன்றாகத் தருகிறோம். பல் வைத்தியர்களின் கடிதங்களும் பெற்றோர், நோயாளர் கடிதங்களும் கலந்திருக்கின்றன. வைத்தியர்களுக்கான பதில்களில் மில்லிமீற்றர் கணக்கும் கருவிகளின் இலக்கங்களும் வரும். மற்றவர்களும் தாண்டிப் போகாமல் வாசியுங்கள். உங்கள் வாயில் என்ன நடக்கிறது என்பதுதான் அங்கே எழுதப்பட்டிருக்கிறது.

மகன் பேராதனையில் பல் மருத்துவம் முடித்து வேலையும் செய்கிறார். இப்ப முரசு வருத்தத்துக்கு மேலே படிக்கப் போறன் என்கிறார். மூன்று வருசத்துக்கும் மேல எடுக்குமாம். பல்லுத் துப்பரவு செய்யிறதுக்கு இவ்வளவு படிப்பா?
– ஒரு தாய், களுவாஞ்சிக்குடி

அம்மா, முரசுக்கு மேலே பல்லில் கல்லாக இறுகி வெளியில் தெரியும் காரையை எடுப்பதை உங்கள் மகன் பேராதனையிலேயே படித்துவிட்டார். மேற்படிப்பு முரசுக்குக் கீழே இருப்பதைப் பற்றியது.

பல் எலும்புக்குள் நேரடியாக ஒட்டிக்கொண்டிருப்பதில்லை. சராசரியில் கால் மில்லிமீற்றரும் தடிப்பில்லாத ஒரு நார்ப்படலம் வேரையும் எலும்பையும் கட்டி வைத்திருக்கிறது. முரசின் ஓரத்தில் கிருமிப் படலம் நாட்கணக்கில் தங்கினால் முரசு வீங்கி இரத்தம் கசியும். சிலரில் அது அங்கேயே நின்றுவிடும். சிலரில் அந்தக் கிருமிகளை எதிர்த்து உடம்பு நடத்தும் போரிலேயே நாரும் எலும்பும் கரைந்து, பல்லுக்கும் முரசுக்கும் இடையில் ஒரு பை உண்டாகும். பெரும்பாலும் நோவு இராது. பல் ஆடும்போதுதான் ஆட்கள் கிளினிக்குக்கு வருவார்கள். அதற்குள் பாதி எலும்பு போயிருக்கும்.

அந்தப் பைக்குள் கண்ணால் பார்க்க முடியாது. விரல் நுனிக்கு வரும் அதிர்வை வைத்தே வேரில் காரை இருக்கிறதா, வழுவழுப்பாகிவிட்டதா என்று அறியவேண்டும். கடைவாய்ப் பல்லுக்கு இரண்டு, மூன்று வேர்கள். அவை பிரியும் கவட்டின் வாசலை 1979இல் பவர் என்ற ஆய்வாளர் முதலாம் கடைவாய்ப் பற்களில் அளந்தார். பத்தில் எட்டு வாசல்கள் 1 மில்லிமீற்றருக்கு மேற்படவில்லை. பாதிக்கு மேற்பட்டவை 0.75 மில்லிமீற்றரோ அதற்கும் குறைவோதான். சுரண்டும் கியூரெட்டின் அலகோ 0.75 முதல் 1.1 மில்லிமீற்றர் அகலம். கருவி நுழையாத வாசலுக்குள் இருக்கும் கிருமியை என்ன செய்வது, எந்தப் பல்லை வைத்திருக்கலாம், எதைக் கழற்றவேண்டும், எங்கே முரசைத் திறக்கவேண்டும் என்று தீர்மானிக்கும் கண்ணும் கையும் உருவாக அந்தக் காலம் வேண்டும். மகனைப் படிக்க விடுங்கள். கிழக்கில் அவருக்கு வேலை நிறைய இருக்கிறது.

ஆதார வைத்தியசாலையில் பல் வைத்தியராக இருக்கிறேன். இலங்கையில் முரசு மருத்துவத்துக்குத் தனிப் பட்டம் இருக்கிறதா? இந்தியாவில் எம்.டி.எஸ். என்ற பல் மருத்துவ மேற்பட்டம் முடித்து வந்தால் போதுமா?
– பல் வைத்தியர், கல்முனை

இங்கே பட்டப்பின் பயிற்சியை நடத்துவது கொழும்புப் பல்கலைக்கழகத்தின் பட்டப்பின் மருத்துவ நிறுவனம். முரசு மருத்துவம், அதாவது பெரியோடொண்டோலொஜி, அங்கே ரெஸ்டோரேட்டிவ் டென்டிஸ்ட்ரி என்ற எம்.டி. பயிற்சிக்குள் அடங்குகிறது. பல் நிரப்புதல், வேர்க்குழாய்ச் சிகிச்சை, செயற்கைப் பல், முரசுச் சிகிச்சை நான்கையும் ஒரே நிபுணர் கற்கிறார். முரசு வருத்தம் என்று போன நோயாளிக்கு ‘ரெஸ்டோரேட்டிவ் கிளினிக்’ என்று துண்டு எழுதிக் கொடுப்பதும் இதனால்தான். துண்டு தவறாக எழுதப்படவில்லை.

வழி இதுதான்: இலங்கை மருத்துவச் சபைப் பதிவு, குறித்த காலச் சேவை, தெரிவுப் பரீட்சை, பயிற்சி, எம்.டி. பரீட்சை, அதன் பின் உள்நாட்டிலும் வெளிநாட்டிலும் மேற்பயிற்சி, கடைசியில் பட்டப்பின் மருத்துவ நிறுவனம் தரும் நிபுணர் சான்று (சபைச் சான்று). சேவைக் காலமும் இடங்களின் எண்ணிக்கையும் அந்தந்த ஆண்டு அறிவித்தலில் வரும். நண்பர் சொன்னதை நம்பி விடுமுறை எழுதிக் கொடுக்காமல், அறிவித்தலை எடுத்து உங்கள் நியமனக் கடிதத்தின் திகதியோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

இந்தியாவின் எம்.டி.எஸ். மூன்று ஆண்டு, முரசு மருத்துவம் அங்கே தனித்துறை, ஆய்வேடும் கட்டாயம். ஐரோப்பிய முரசு மருத்துவக் கூட்டமைப்பு அங்கீகரிக்கும் பயிற்சியும் அமெரிக்கப் பயிற்சியும் மூன்று ஆண்டுதான். முரசில் மட்டும் ஆழமாக இறங்க அவை நல்ல வழி. ஆனால் நம் அரச வைத்தியசாலையில் வைத்திய நிபுணராக நியமனம் பெறுவதற்குப் பட்டப்பின் மருத்துவ நிறுவனத்தின் சபைச் சான்று வேண்டும். வெளிநாட்டுப் பட்டம் தன்பாட்டில் அந்தக் கதவைத் திறக்காது. கல்முனையிலோ மட்டக்களப்பிலோ அரச கிளினிக் நடத்துவதுதான் உங்கள் எண்ணமென்றால் கொழும்பு வழியில் போங்கள். அதன் வெளிநாட்டுப் பயிற்சிக் காலத்தை முரசுப் பிரிவு வலுவாக உள்ள இடத்தில் கேட்டு வாங்குங்கள்.

பயிற்சியின் முதல் வருடம். நான் அளந்த பை ஆழமும் மேற்பார்வையாளர் அளந்ததும் பல இடங்களில் 2 மில்லிமீற்றர் வித்தியாசம். எங்கே பிழைக்கிறேன்?
– இளம் வைத்தியர், அக்கரைப்பற்று

வந்த கடிதங்களில் மிக முக்கியமான கேள்வி இது. இந்த அளவு பிழைத்தால் நோயின் கட்டம், சத்திர சிகிச்சை முடிவு, மூன்று மாதத்தின் பின்னான ஒப்பீடு எல்லாமே பிழைக்கும். ஒரே ஆள் இரண்டு தரம் அளந்தாலும் 1 மில்லிமீற்றர் மாறுவது வழமை. 2 என்றால் காரணம் தேடவேண்டும்.

முதலில் அழுத்தம். பையின் ஆழத்தை அளக்கும் கோடு போட்ட மெல்லிய கருவியான புரோப்பை 0.25 நியூட்டன் அளவில், கிட்டத்தட்ட 25 கிராம் பாரத்தில் பிடிக்கவேண்டும். சமையலறை டிஜிட்டல் தராசு ஒன்றை எடுங்கள். பழைய புரோப்பின் நுனியை அதில் ஊன்றி 25 காட்டும்வரை அழுத்துங்கள். பத்துத் தரம் தராசைப் பார்த்து, அடுத்த பத்துத் தரம் பார்க்காமல். பெரும்பாலான புதியவர்கள் 50, 60 வரை போவார்கள். வீங்கிய முரசில் அந்த அழுத்தம் நுனியைப் பையின் அடியைத் துளைத்துக்கொண்டு இணைப்பிழையத்துக்குள் கொண்டுபோகும். 4 இருந்த இடத்தில் 6 வாசிப்பீர்கள்.

அடுத்தது சாய்வு. புரோப் பல்லின் நெடுக்கு அச்சுக்கு இணையாகப் போகவேண்டும். பற்களுக்கிடையில் மட்டும் விதிவிலக்கு: ஒட்டுமிடத்தின் ஓரமாக இறக்கி, 10 பாகை அளவில் உள்ளே சாய்த்தால்தான் ஒட்டுமிடத்துக்கு நேர்கீழே உள்ள பள்ளத்தை எட்டலாம். நோய் அதிகம் ஆழமாகும் இடம் அதுவே. சாய்க்காதவர் 3 எழுதுவார், சாய்த்தவர் 6 எழுதுவார். மேல் கடைவாய்ப் பல்லின் பின்பக்கத்தில் கன்னம் தடுப்பதால் கைபிடி வெளியே சரிந்து அளவு கூடுவதுண்டு. நோயாளியை வாயைக் கொஞ்சம் மூடச் சொல்லுங்கள், கன்னம் தளரும்.

மூன்றாவது காரை. நுனி காரையின் திட்டில் தட்டி நிற்கும், அடியென்று நினைத்து விடுவோம். தட்டினால் நுனியைச் சற்று வெளிப்பக்கம் விலக்கித் திட்டைத் தாண்டி இறக்குங்கள். கடும் காரையுள்ள வாயில் முரசுக்கு மேலே உள்ளதை எடுத்துவிட்டு ஒரு வாரத்தின் பின் முழு அளவும் எடுப்பது நல்லது.

கருவி மாறினாலும் அளவு மாறும். வில்லியம்ஸ் புரோப்பில் 4ஆம், 6ஆம் கோடுகள் இல்லை. 1, 2, 3, 5, 7, 8, 9, 10 என்று போகும். யு.என்.சி. 15 என்ற புரோப்பில் ஒவ்வொரு மில்லிமீற்றருக்கும் கோடு. நீங்கள் ஒன்றாலும் அவர் மற்றதாலும் அளந்திருந்தால் வித்தியாசம் அங்கேயே தொடங்கிவிடும்.

ஆழத்தை மட்டும் எழுதி நிறுத்தவேண்டாம். ஒவ்வொரு பல்லிலும் ஆறு இடம். ஒவ்வொரு இடத்திலும் ஆழமும், பல்லின் முடியும் வேரும் சந்திக்கும் கோட்டிலிருந்து முரசு ஓரத்தின் தூரமும். ஆழம் 5, முரசு 2 இறங்கியிருந்தால் பிடிமான இழப்பு, அதாவது அந்தக் கோட்டிலிருந்து பையின் அடிவரையான தூரம், 7. அதே 5 ஆழம், முரசு வீங்கி அந்தக் கோட்டை 3 மூடியிருந்தால் இழப்பு 2 மட்டுமே. ஒரே ஆழம், வேறு வேறு நோய். சிகிச்சையின் பின் 5 இருந்தது 3 ஆனால் ‘2 மில்லிமீற்றர் எலும்பு வளர்ந்தது’ என்று எழுதும் பயிற்சி வைத்தியர் இருக்கிறார். முரசு 1 இறங்கியிருந்தால் பிடிமானம் கூடியது 1 மட்டும். அந்த ஒன்றிலும் ஒரு பங்கு, இழையம் இறுகியதால் நுனி முன்புபோல் ஊடுருவாமல் நின்றது. எலும்பு வளர்ந்ததா என்பதை எக்ஸ்ரே சொல்லட்டும்.

மேற்பார்வையாளரோடு ஐந்து நோயாளரைத் தனித்தனியே அளந்து, தாள்களை அருகருகே வைத்துப் பாருங்கள். எந்தப் பல்லில், எந்தப் பக்கத்தில் திரும்பத் திரும்பப் பிழைக்கிறது என்பது ஒரு மணித்தியாலத்தில் தெரிந்துவிடும்.

கிரேசி கியூரெட் முழுத் தொகுதியும் வாங்க வேண்டுமா?
– பல் வைத்தியர், ஏறாவூர்

வேண்டாம். 5/6 இலக்கக் கருவி முன்பற்களுக்கும் முன்கடைவாய்க்கும், 7/8 கடைவாய்ப் பற்களின் கன்ன, நாக்குப் பக்கங்களுக்கும், 11/12 முன்புற ஓரத்துக்கும், 13/14 பின்புற ஓரத்துக்கும். இந்த நான்கோடு நல்ல தீட்டுக்கல் ஒன்று. கவட்டை அளக்க வளைந்த நேபர்ஸ் புரோப்பும் வாங்குங்கள். நேர் புரோப் கவட்டுக்குள் திரும்பாது.

முழுத் தொகுதியும் வாங்கித் தீட்டாமல் வைத்திருப்பதைவிட நான்கைத் தினமும் தீட்டுவது மேல். மழுங்கிய அலகு காரையைப் பெயர்க்காது, மேலே தேய்த்து மினுக்கிவிடும். மினுங்கிய காரை புரோப்புக்கு வேர் போலவே வழுவழுப்பாக இருக்கும். முடிந்தது என்று அனுப்பிவிடுவீர்கள், மூன்று மாதத்தில் அதே இடத்தில் இரத்தம். தீட்டும்போது கல்லுக்கும் அலகின் முகத்துக்கும் இடையில் 100 முதல் 110 பாகை. பிளாஸ்டிக் குச்சியில் வைத்தால் அலகு கடிக்கவேண்டும். வழுக்கினால் இன்னும் தீட்டுங்கள். பைக்குள் இறக்கும்போது அலகின் முகம் வேரோடு படிந்திருக்க, அடியை எட்டியதும் திறந்து, கீழ்த்தண்டைப் பல்லின் பரப்புக்கு இணையாக வைத்து இழுக்கவேண்டும்.

அதிர்வால் காரையை உடைக்கும் அல்ட்ராசொனிக் கருவியின் முனையும் தேயும். 1 மில்லிமீற்றர் தேய்ந்தால் வேலைத்திறனில் கால்வாசி, 2 தேய்ந்தால் பாதி போய்விடும். புது முனையின் அளவை அட்டையில் வரைந்து சுவரில் ஒட்டி, மாதம் ஒரு தரம் ஒப்பிடுங்கள்.

முரசு நோய்ப் பாடநூல்களில் இலங்கைத் தோட்டத் தொழிலாளர் பற்றி வருகிறது என்று என் பழைய மாணவி சொன்னார். உண்மையா?
– ஓய்வுபெற்ற ஆசிரியை, செங்கலடி

உண்மை, ரீச்சர். உலகில் எங்கே முரசு மருத்துவம் படித்தாலும் அந்த மலையகத் தொழிலாளர்களைப் படிக்காமல் பட்டம் எடுக்க முடியாது. 1970இல் நோர்வேயைச் சேர்ந்த ஹரால்ட் லோ தலைமையிலான குழு, 14 முதல் 31 வயது வரையான 480 ஆண் தொழிலாளரைப் பரிசோதித்து, 1985 வரை திரும்பத் திரும்ப வந்து அளந்தது. பல் துலக்கும் வழக்கமோ பற்சிகிச்சையோ அவர்களுக்கு இருக்கவில்லை. எல்லோர் பல்லிலும் கிருமிப் படலம், காரை. எல்லோர் முரசிலும் வீக்கம்.

ஆனால் எல்லோருக்கும் பல் விழவில்லை. 8 சதவீதத்தினருக்கு நோய் வேகமாகப் போய் 45 வயதுக்குள் பற்கள் முழுதும் விழுந்துவிட்டன. 81 சதவீதத்தினருக்கு நடுத்தர வேகம். அதே வயதில் ஏழு பல் அளவில் இழப்பு. 11 சதவீதத்தினருக்கு வீக்கத்தோடு நோய் நின்றுவிட்டது. ஒரே தோட்டம், ஒரே சாப்பாடு, ஒரே அளவு அழுக்கு. கிருமி தேவை, ஆனால் யாருக்கு எவ்வளவு இழப்பு என்பதை உடம்பின் பதிலும் தீர்மானிக்கிறது என்பதற்கு இவ்வளவு தெளிவான சான்று வேறில்லை. இன்று அப்படி ஓர் ஆய்வுக்கு அனுமதி கிடையாது. நோயைக் கண்டு சிகிச்சை கொடுக்காமல் பதினைந்து வருடம் பார்த்திருக்க முடியாது. நம்முடைய மக்களின் பற்களிலிருந்து கிடைத்த அறிவு இது. பட்டப்பின் பயிற்சிக்குப் போகும் தமிழ்ப் பிள்ளைகள் அந்த எண்களைப் பரீட்சைக்காக மட்டும் மனப்பாடம் செய்துவிட்டுப் போகக்கூடாது.

எங்கள் பகுதியில் வயதானவர்கள் அநேகமாக வெற்றிலை போடுபவர்கள். முரசுப் பரிசோதனையில் விசேடமாக என்ன பார்க்கவேண்டும்?
– பல் வைத்தியர், வாழைச்சேனை

முரசைத் தொடுமுன் வாய் முழுவதையும் பாருங்கள். பாக்கு கன்னத்தின் உட்தோலை இறுக்கி நாராக்கும். வாய் திறப்பு சுருங்கும். மேல், கீழ் முன்பற்களுக்கிடையான தூரத்தை அளந்து தாளில் எழுதுங்கள். மூன்று விரல் நுழையாதவரிடம் கடைசிக் கடைவாய்க்குப் பின்னால் கியூரெட் திரும்பாது. முதலில் அந்த இறுக்கத்துக்கான கிளினிக்குக்கு அனுப்பவேண்டும். வெற்றிலை ஒதுக்கும் பக்கத்துக் கன்னத்திலும் நாக்கின் ஓரத்திலும் துடைத்தால் போகாத வெள்ளைத் திட்டு, சிவந்த திட்டு, இரண்டு வாரம் கடந்தும் ஆறாத புண் இருந்தால் முரசு வேலையை நிறுத்தி அன்றே வாய் சத்திர சிகிச்சைப் பிரிவுக்கு எழுதுங்கள்.

அளக்கும்போது இன்னொரு பொறி. வெற்றிலைக் காவியில் இரத்தக் கசிவு கண்ணுக்குத் தெரியாது. புரோப் பண்ணி 30 செக்கன் பொறுத்து, வெள்ளைப் பஞ்சுத் துண்டை முரசோரத்தில் ஒற்றிப் பாருங்கள். பீடி, சிகரெட்டும் உள்ளவரிடம் கசிவு குறைவாகவே இருக்கும்; அதைப் பார்த்து முரசு நல்லது என்று எழுதிவிடாதீர்கள், ஆழத்தை நம்புங்கள்.

அப்பச்சிமாரிடம் ‘வெற்றிலையை விடுங்க’ என்று ஒரே சொல்லில் முடித்தால் அடுத்த முறை வரமாட்டார்கள். முதலில் புகையிலை, பிறகு பாக்கு, அதுவரை இரவில் ஒதுக்கிக்கொண்டு தூங்குவதில்லை என்று படிப்படியாகப் பேசிப் பாருங்கள். அந்தப் பேச்சும் பயிற்சியின் பாகம். பரீட்சையில் அதைக் கேட்பார்கள்.

சீனி வருத்தக்காரருக்கு முரசுச் சிகிச்சை செய்தால் சீனி குறையுமா?
– வாசகர், சம்மாந்துறை

ஓரளவுக்கு. நல்ல முரசுச் சிகிச்சையின் மூன்று நான்கு மாதத்தின் பின், சில மாதச் சீனியின் சராசரியைக் காட்டும் எச்.பி.ஏ.1.சி. இரத்தப் பரிசோதனை அளவு சராசரியாக 0.4 புள்ளி அளவில் குறைகிறது. மாத்திரையை நிறுத்த அது காரணமில்லை. சீனி கட்டுப்பாடில்லாமல் இருந்தால் முரசும் ஆறாது. இரண்டையும் சேர்த்தே பாருங்கள். காலைச் சாப்பாடும் மாத்திரையும் எடுத்துவிட்டு கிளினிக்குக்குப் போங்கள்.

அண்ணத்திலிருந்து முரசு எடுத்து ஒட்டும் சத்திர சிகிச்சையில் இரத்தப் பெருக்குக்குப் பயமாக இருக்கிறது.
– பயிற்சி வைத்தியர், மட்டக்களப்பு

பயம் நல்லது, அளந்துகொண்டு பயப்படுங்கள். அண்ணத்தின் பெரிய நாடி கடைவாய்க்குப் பின்னாலுள்ள துவாரத்தால் வெளிவந்து முன்னோக்கி ஓடுகிறது. அண்ணம் தட்டையான வாயில் பல்லின் முடி – வேர்க் கோட்டிலிருந்து நாடிக்கட்டு சுமார் 7 மில்லிமீற்றர், நடுத்தர அண்ணத்தில் 12, உயர்ந்த அண்ணத்தில் 17. கத்தி எடுக்குமுன் அண்ணத்தின் உயரத்தைப் பார்த்து எந்த எண் என்று முடிவெடுங்கள். தட்டையான அண்ணத்தில் 8 மில்லிமீற்றர் உயரமான துண்டு கேட்கும் திட்டத்தையே மாற்றவேண்டும்.

முரசோரத்திலிருந்து 2, 3 மில்லிமீற்றர் விட்டுத் தொடங்குங்கள். முன்பக்கத்து மடிப்புகளைத் தொடவேண்டாம். துண்டின் தடிப்பு 1 முதல் 1.5. தடித்த துண்டு எடுத்தால் எடுத்த இடம் ஆறச் சுணங்கும். மெல்லியது ஒட்டுமுன் செத்துவிடும். ஒட்டும் இடத்தில் துண்டு அசையவே கூடாது. முதல் இரண்டு நாள் அது கீழுள்ள படுக்கையிலிருந்து கசியும் நீரில்தான் பிழைக்கிறது; பிறகுதான் குருதிக்குழாய் இணையும். அடியில் இரத்தக்கட்டி தங்கினால் அந்த நீர் சேராது. அதனால் தைத்ததும் ஈரக் கோஸால் ஐந்து நிமிடம் அழுத்திப் பிடியுங்கள்.

பெருக்கு வந்தால் முதலில் விரலழுத்தம், கடிகாரத்தைப் பார்த்து முழு ஐந்து நிமிடம். இடையில் எடுத்து எடுத்துப் பார்ப்பதால்தான் பல தடவை நிற்பதில்லை. நிற்காவிட்டால் காயத்துக்குப் பின்புறமாக, நாடி வரும் பக்கத்தில், ஆழமான ஒரு தையலால் இறுக்குங்கள். அண்ணத்தை மூடும் பிளாஸ்டிக் தட்டை அச்செடுத்து முந்திய கிழமையே செய்து வைத்தால் அன்றிரவு நீங்களும் நோயாளியும் தூங்கலாம். அந்தப் பக்கம் துலக்காமல் 0.2 சதவீதக் குளோரெக்சிடின் 10 மில்லிலீற்றர், காலை மாலை ஒரு நிமிடம். பற்பசைக்கும் அதற்கும் அரை மணித்தியால இடைவெளி.

பயிற்சிப் பதிவேட்டில் ஒரு நோயாளியை எப்படி எழுதினால் பரீட்சகர் ஏற்பார்?
– பயிற்சி வைத்தியர், பொத்துவில்

சத்திர சிகிச்சைப் படங்களைக் குவிப்பதை விட்டுவிடுங்கள். முதல் அளவுத் தாள், மூன்று மாதத் தாள், ஒரு வருடத் தாள் மூன்றும் உள்ள நோயாளியை எழுதுங்கள். நோய்க்குப் பெயரிடும்போது 2018இல் வெளியான வகைப்படுத்தலின்படி கட்டமும் (எவ்வளவு இழப்பு) தரமும் (எவ்வளவு வேகம்; ஏ மெதுவானது, சி வேகமானது) வேண்டும். கட்டம், பற்களுக்கிடையில் மிக மோசமான இடத்தின் பிடிமான இழப்பிலிருந்து தொடங்கும்: 1–2 மில்லிமீற்றர் முதலாம் கட்டம், 3–4 இரண்டாம், 5 அல்லது அதற்கு மேல் மூன்றாம் அல்லது நான்காம். தரத்துக்கு எலும்பிழப்பின் சதவீதத்தை வயதால் பிரியுங்கள். 40 வயதில் 50 சதவீதம் என்றால் 1.25, 1ஐத் தாண்டியதால் சி தரம். அதே 50 சதவீதம் 70 வயதில் 0.71, பி தரம். பி என்று வந்தவர் நாளுக்குப் பத்து சிகரெட் குடித்தாலோ எச்.பி.ஏ.1.சி. 7ஐ எட்டினாலோ சி ஆகிவிடும். இதை மறப்பவர்கள் நிறையப் பேர்.

மூன்று மாதத்தில் 4 மில்லிமீற்றரோ அதற்கு மேலோ ஆழமாக இரத்தம் கசியும் பை இல்லை என்றால் பராமரிப்புக்கு மாற்றுங்கள். 4, 5இல் கசிந்தால் மீண்டும் சுரண்டல். 6 அல்லது அதற்கு மேல் நின்றால் முரசைத் திறப்பதைப் பற்றி யோசிக்கலாம். ஆனால் அந்த நோயாளியின் பல்லில் இன்னும் படலம் நிறைந்திருந்தால் திறக்கவே வேண்டாம்; திறந்த காயத்தில் படலம் சேர்ந்தால் இருந்த பிடிமானமும் போகும். ‘திறக்கவில்லை, காரணம் இது’ என்று எழுதிய பக்கத்தைப் பரீட்சகர் நின்று வாசிப்பார்.

வராமல் போன நோயாளிகளையும் பதிவேட்டிலிருந்து நீக்காதீர்கள். அறுவடைக் காலத்தில் பொத்துவிலிலிருந்து ஒருவர் கிளினிக்குக்கு வரமாட்டார் என்றால் அடுத்த திகதியை அறுவடை முடிந்த கிழமைக்குப் போட்டு, அதையும் தாளின் ஓரத்தில் குறித்து வையுங்கள்.